சாய்ந்த வீட்டில் சூப்பு

சமையலறையின் மூன்றாவது தூண்வரை
கடல் வந்துவிட்டது அந்த வருடம்.
முதல் தூணைக் கொண்டுபோனபோது
எடெல்மிரா ஹுவெனாந்தே ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டாவதற்குக்
கோழிக்கூண்டை மட்டும் இடம் மாற்றினாள்.
மூன்றாவது நனைந்த காலையில்
ஒவ்வொரு கதவாகத் தட்டி,
"சனிக்கிழமை என் வீட்டை இழுக்க வாருங்கள்" என்றாள்,
கைப்பிடி உப்புக் கேட்பதுபோல.

சிலோயேத் தீவுகளில் இது வழக்கம்தான்.
மண் போனால்
வீட்டைப் பெயர்த்துக்கொண்டு வேறு மண்ணுக்குப் போவோம்.
கூலி கிடையாது. சாப்பாடு உண்டு,
ஆப்பிள் மது உண்டு.
நான் போனது மதுவுக்கு.
மறைப்பானேன்.

நகரத்திலிருந்து மகன் போன் செய்தானாம்:
மூன்றாம் மாடியில் ஓர் அறை பார்த்திருக்கிறேன்,
வந்துவிடு.
"அந்த மாடிக்குக் கடல் ஏறி வர
எத்தனை வருஷமாகும்?" என்று கேட்டாளாம்.
அவன் சிரிக்கவில்லையாம்.
எங்களிடம் சொல்லும்போது
அவள்தான் சிரித்தாள்.

ஆறு ஜோடி மாடுகள் பூட்டினோம்.
அடியில் உருளைக்கட்டைகள் முனக,
ஜன்னலில் திரை தொங்கியபடியே
வீடு கடலுக்கு நடந்தது.
அடுப்பை அணைக்கச் சொன்னோம், கேட்கவில்லை.
புகைபோக்கியில் புகை,
மிதக்கும் பீப்பாய்கள்மேல் வீடு,
முன்னால் என் படகு,
அதன் வயதான எஞ்சின்.

விரிகுடாவின் பாதியில்
கயிறு அறுந்தது.
மாற்றுக் கயிறு தேடுவதற்குள்
நீர் வற்றத் தொடங்கி
வீடு சேற்றில் உட்கார்ந்தது,
இடப்பக்கம் சரிந்து,
யாரோ காதில் சொல்வதைக் கேட்பதுபோல.
அடுத்த ஏற்றம் நள்ளிரவு தாண்டித்தான்.

தலைக்கு மேல் வெள்ளம்,
இனி சாண் என்ன முழம் என்ன,
பலகைகளைப் பிரித்து விறகாக்கலாம் என்றேன் நான்.
எடெல்மிரா குனிந்து தன் காலைப் பார்த்தாள்.
"முழங்கால்வரைதானே இருக்கிறது, நொல்பெர்த்தோ."

பிறகு வீட்டின் பின்பக்கம் போனாள்.
நேரமாயிற்று.
சுவர்ப்பலகையில் நெற்றி வைத்து அவள் நின்றதையும்
தோள்கள் குலுங்கியதையும்
நான் பார்த்தேன். பார்க்காததுபோல்
எஞ்சினைத் துடைத்தேன்.
கடல்நீரில் முகம் கழுவித் திரும்பினாள்.
எது எந்த உப்பு என்று
யார் சொல்ல முடியும்.

"உன் பூட்ஸைக் கழற்று" என்றாள்.
சட்டிக்கு அடியில் அதை முட்டுக்கொடுத்து
உருளைக்கிழங்கும் சிப்பியும் போட்டுக்
கொதிக்கவைத்தாள்.
இருபத்துமூன்று பேர்,
சரிந்த தரையில் கால் ஊன்ற இடமின்றி
ஒரே சுவரில் சாய்ந்து,
ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில்.
மாட்டுக்காரன் ஓனோஃப்ரே
கிண்ணத்தை மடியோடு வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.
"கிண்ணம் சாய்ந்திருக்கிறது.
சூப்பு சாயவில்லையே."
அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை.
எல்லோரும் அவரவர் கிண்ணத்தைப் பார்த்தோம்.
ஒரு விளிம்பில் ததும்பி
மறு விளிம்பில் தாழ்ந்து
ஆனால் மட்டமாக,
ஆவி பறக்க நின்றது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
இன்னும் கொஞ்சம் ஊற்று என்று
நான்தான் கேட்டேன்.

இரண்டரை மணிக்கு நீர் வந்தது.
முதலில் பீப்பாய்கள் முணுமுணுத்தன,
பிறகு தரை எங்கள் கீழே
மெல்லத் தன்னை நிமிர்த்திக்கொண்டது.
இருட்டில் யாரோ கத்தினார்கள்.
எடெல்மிராதான் என்று நினைக்கிறேன்,
சந்தோஷமா திட்டா, தெரியவில்லை.

அக்கரையில் வீட்டைத் திருப்பி வைத்துவிட்டோம்.
அவசரத்தில் வாசல் மலையைப் பார்க்க நின்றது.
மன்னிப்புக் கேட்டேன்.
"கடலைப் போதும் போதும் என்று பார்த்தாயிற்று" என்றாள்.
சமையலறைத் தரை இன்றும் லேசாகச் சரிவு.
சரிசெய்து தருகிறேன் என்று
கட்டைகளோடு போனேன் போன வாரம்.
வேண்டாமாம்.
கைதவறும் கிழங்கெல்லாம்
தானே கதவுக்கு உருண்டு வந்துவிடுகிறதாம்,
குனிந்து தேடும் வேலை மிச்சம்.

பூட்ஸை மட்டும்
இன்னும் திருப்பித் தரவில்லை.